அம்மா சர்க்கரை தருவதை நிறுத்தும் நாள்

தொழில்முனைவு சொல்லித் தருகிறோம் என்று கிளம்புகிறவர்கள் எல்லாரும் இப்போது ஒரு சிமுலேஷன் விளையாட்டோடு வருகிறார்கள், முப்பரிமாண ஆபீஸ், கலர் கலராக கிராஃப், முதலீட்டாளராக ஒரு பொம்மை என்று. எனக்கென்னவோ இவற்றைவிட, எலுமிச்சை ஜூஸ் கடை நடத்தும் பழைய கணினி விளையாட்டான 'லெமனேட் ஸ்டாண்ட்' தான் உருப்படியாகத் தெரிகிறது. 1973இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் பாப் ஜேமிசன் பள்ளிப் பிள்ளைகளுக்காக எழுதியது, 1979இல் ஆப்பிள் 2 கணினிக்கும் வந்தது.

கையில் 2 டாலர். காலையில் வானிலை சொல்வார்கள். எத்தனை கிளாஸ் போடுவது, 15 சென்ட் வீதம் எத்தனை விளம்பரப் பலகை வைப்பது, கிளாஸ் என்ன விலை? மூன்றே கேள்விதான்.

முதல் இரண்டு நாள் ஒரு கிளாஸுக்கு அடக்கவிலை 2 சென்ட். மூன்றாம் நாள் திடீரென்று 4 சென்ட் ஆகிவிடும், காரணம், அம்மா சும்மா கொடுத்துவந்த சர்க்கரையை நிறுத்திவிட்டாராம்! அந்த ஒரு வரிக்காகவே இதை வகுப்பில் வைக்கலாம். நம் ஊரில் வீட்டிலிருந்தே கேக், மசாலாப்பொடி விற்கிறவர்களிடம் கணக்கு கேட்டுப் பாருங்கள், கேஸ், கரண்ட், அம்மாவின் உழைப்பு எதுவும் அதில் இருக்காது, ஆனால் லாபம் மட்டும் கச்சிதமாக இருக்கும்.

விலையை 10 சென்ட்டுக்கு மேல் ஏற்றினால் விற்பனை மளமளவென்று சரியும். பலகைகளை எத்தனை வைத்தாலும் விற்பனை இரண்டு மடங்கைத் தாண்டாது, அதற்குள் செலவு லாபத்தைத் தின்றுவிடும். மேகமூட்டமான நாளில் சில சமயம் புயல் வந்து போட்டதெல்லாம் பாழாகும். பிள்ளைகள் கத்துவார்கள், ஆசிரியர் அங்கேதான் நிறுத்தி "மேகம்னு தெரிஞ்சும் ஏன் இவ்வளவு போட்டே?" என்று கேட்க வேண்டும். பேசாமல் அடுத்த நாளுக்குப் போனால் அது வெறும் பொழுதுபோக்கு.

ஒரு பெரிய குறை, இந்த விளையாட்டில் கடனே கிடையாது. நாமும் கடன் வாங்க முடியாது, ஜூஸ் வாங்குகிறவரும் கடன் சொல்ல மாட்டார். நிஜக் கடையில் பாதித் தலைவலி அதுதானே? அதனால் விளையாட்டு முடிந்ததும் ஒரு தாள் கொடுத்து, விற்றதில் பாதிப் பணம் அடுத்த வாரம்தான் வரும் என்று அதே கணக்கைத் திரும்பப் போடச் சொல்லுங்கள். லாபம் அதேதான், ஆனால் மறுநாள் சர்க்கரை வாங்கப் பலரிடம் காசு இருக்காது.