படித்துறை மண்டபத்துக்கு ஓர் உட்பிரிவு எண்

2023 டிசம்பர் வெள்ளம் வடிந்த பிறகு எங்கள் ஊர்ப் படித்துறைக்குப் போனபோது, கல்மண்டபத்தில் முழங்கால் அளவுக்கு வண்டல் படிந்து, தூண்களின் அடியில் செதுக்கியிருக்கும் மீன்கள் மண்ணுக்குள் மறைந்திருந்தன. மேல்தளத்தில் முளைத்த அரசங்கன்றின் வேர் இரண்டு பாவுகற்களை நகர்த்தியிருந்தது. தாமிரபரணிக் கரையில், ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்கு மேற்கே உள்ள ஊர் இது. முதுமக்கள் தாழிகள் புதைந்திருக்கும் மேடான ஆதிச்சநல்லூர்ப் பறம்பு எங்களுக்குத் தொலைவில்லை. பறம்பில் அகழாய்வு, சிவகளை அகழாய்வில் கிடைத்த நெல்லுக்கு 3,200 ஆண்டு வயது என்று 2021-ல் சட்டப்பேரவையில் அறிவிப்பு என்று பொருநை எனப்படும் தாமிரபரணியின் சமவெளி முழுவதும் பேசப்படும் காலத்தில், அந்த நாகரிகத்தின் தொடர்ச்சியாக மக்கள் இன்றும் இறங்கிக் குளிக்கும் படித்துறை கேட்பாரற்றுக் கிடப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

2024 ஆகஸ்ட் 15 கிராம சபையில், மண்டபத்தைச் சீரமைத்து அதைச் சுற்றியுள்ள கரையைப் பூங்காவாக்க வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றினோம். அதன் நகலுடன் நான் ஏறி இறங்கிய மூன்று அலுவலகங்களின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. ஆறு எங்களுடையது, கட்டடம் எங்களுடையதல்ல என்றார்கள் ஓரிடத்தில்; கோயில் சொத்துப் பட்டியலில் இந்த மண்டபம் இல்லை என்றார்கள் அடுத்த இடத்தில்; பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கை செய்யப்பட்டவற்றுக்குத்தான் தங்களால் செலவிட முடியும் என்றார்கள் மூன்றாவது இடத்தில். மூவரும் மரியாதையாகவே பேசினார்கள், ஆனால் மனுவை வாங்கி வைத்துக்கொள்ள ஒருவரும் முன்வரவில்லை.

பிறகு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி விண்ணப்பித்தேன். "இந்த மண்டபம் எந்தத் துறையின் பொறுப்பு?" என்று கேட்டது என் முதல் தவறு. அது கருத்துக் கேட்பது, ஆவணம் கேட்பதல்ல என்று பதில் வந்தது. சட்டப்படி அந்தப் பதிலில் குறை சொல்ல இடமில்லை. ஏற்கெனவே பதிவேட்டில் இருப்பதைத்தான் பொதுத் தகவல் அலுவலர் தர வேண்டும். எனவே இரண்டாம் விண்ணப்பத்தில் மண்டபம் நிற்கும் நிலத்தின் புல எண்ணுக்கான அ-பதிவேட்டுப் பக்கம் (கிராமத்து நிலங்களின் வகையும் பரப்பும் எழுதிய வருவாய்ப் பதிவேடு), அந்த நிலத்தின் அளவை வரைபடமான புலப்பட நகல், கடந்த பத்து ஆண்டுகளில் அந்த இடத்துக்கு ஏதேனும் பராமரிப்புச் செலவு செய்திருந்தால் அதன் பதிவு ஆகிய மூன்றின் சான்றிட்ட நகல்களை மட்டும் கேட்டேன். ஆவணம் வேறு அலுவலகத்தில் இருந்தால் 6(3) பிரிவின்கீழ் ஐந்து நாளுக்குள் அங்கே அனுப்பி எனக்குத் தெரிவிக்கவும் என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். இந்த வரியை யாரும் விட்டுவிடாதீர்கள். 30 நாள் கடந்தும் பதில் வராததால் முதல் மேல்முறையீடு செய்தேன். அதற்குக் கட்டணம் கிடையாது. இரண்டாம் மேல்முறையீட்டுக்குப் போகும் தேவை வரவில்லை.

கையில் கிடைத்த அ-பதிவேட்டுப் பக்கத்தில் பல ஏக்கர் பரப்புக்கும் சேர்த்து எழுதியிருந்தது ஒரே சொல்: ஆறு. புலப்படத்திலும் மண்டபம் இல்லை. பல தலைமுறையாகத் திதி கொடுத்தும், குளித்துக் கரையேறியும், வெயிலுக்கு ஒதுங்கியும் வந்த கல்கட்டடம் அரசின் கணக்கில் இல்லவே இல்லை என்பதைப் படித்தபோது மனம் கனத்தது. இல்லாத ஒன்றுக்கு எந்தத் துறை மதிப்பீடு தயாரிக்கும்?

ஆகவே கோரிக்கையை மாற்றினேன். பூங்கா கேட்பதை நிறுத்திவிட்டு, மண்டபமும் படித்துறையும் நிற்கும் இடத்தை அளந்து அந்தப் புல எண்ணுக்குள் தனி எண் கொண்ட உட்பிரிவாக்கி, குறிப்புக் கலத்தில் 'கல்மண்டபம்' என்று எழுத வேண்டும் என்று மட்டும், திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுத்தேன். நான்கு மாதங்களில் மூன்று அலுவலகத்தாரும் கூட்டாகப் புலத்தணிக்கைக்கு வந்தார்கள். நில அளவர் சங்கிலியை இழுத்துப் பிடிக்க, அதன் மறுமுனையை மண்டபத்தின் வடகிழக்குத் தூணருகே நான் பிடித்துக்கொண்டு நின்றேன்.

உட்பிரிவு எண் இப்போது பதிவாகிவிட்டது. அதைக் குறிப்பிட்டே சீரமைப்புக்கான மதிப்பீடு கேட்டிருக்கிறோம். வண்டலைப் பொக்லைன் கொண்டு அள்ளக் கூடாது, மீன் சிற்பங்கள் சிதையாமல் ஆட்களைக் கொண்டே அகற்ற வேண்டும், அப்போது தொல்லியல் அறிந்த ஒருவர் உடனிருக்க வேண்டும் என்று அதில் தனியாக எழுதியிருக்கிறேன்.