'இணைப்பு தனிப்பட்டது அல்ல' என்று வந்தால் முதலில் தேதியைப் பாருங்கள்

எந்த சைட்டைத் திறந்தாலும் 'உங்கள் இணைப்பு தனிப்பட்டது அல்ல' என்று சிவப்பு முக்கோணம் வருகிறதா? கீழே இருப்பதை அழுத்தி எப்படியாவது உள்ளே போய்விடலாம் என்று பார்க்காமல், திரையின் வலது மூலையில் தேதி என்ன காட்டுகிறது என்று பாருங்கள். வேலூரில் சத்துவாச்சாரி, காட்பாடி பக்கம் தெரிந்தவர்கள் கடையிலும் வீட்டிலும் நான் பார்த்தவரை பாதிக்கு மேல் இந்தக் கோளாறுதான்.

பழைய கேபினட்டில், கரண்ட் இல்லாதபோதும் தேதியையும் நேரத்தையும் காத்து வைக்கிற மதர்போர்டு பேட்டரி தீர்ந்திருக்கும். ராத்திரி கடையைச் சாத்தும்போது மெயினை அணைத்துவிட்டுப் போவார்கள், இல்லை கரண்ட் போயிருக்கும், காலையில் ஆன் செய்தால் கம்ப்யூட்டர் ஏதோ 2009 ஜனவரியில் நிற்கும். பூட்டுள்ள (https) ஒவ்வொரு சைட்டும் தான் அசல்தான் என்று காட்ட பிரவுசருக்கு ஒரு சான்றிதழை நீட்டும், அதில் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை செல்லும் என்று இருக்கிறது. 2009-ல் நிற்கிற பிரவுசரைப் பொறுத்தவரை அந்தத் தொடக்கத் தேதி இன்னும் வரவே இல்லை, அதனால்தான் ஒன்று விடாமல் எல்லா சைட்டும் மறுக்கிறது. தேதியைத் திருத்தினால் அன்றைக்கு ஓடும், மறுநாள் மறுபடி அதே கதை. பேட்டரியை மாற்றுவதுதான் வழி, சிஆர்2032 என்று கேட்டால் வாட்ச் கடையிலேயே கிடைக்கும். கரண்ட் வயரைக் கழற்றிவிட்டு, ஸ்க்ரூ டிரைவர் முனையால் ஓரத்துக் கிளிப்பை லேசாகத் தள்ளினால் பழையது எகிறி வந்துவிடும், பிளஸ் குறி மேலே தெரிகிற மாதிரி புதியதை அழுத்துங்கள்.

தேதி சரியாக இருந்தும் சில சைட் மட்டும் வரவில்லை, எர்ரரில் 'அத்தாரிட்டி இன்வேலிட்' (சான்றிதழ் தந்தவரை பிரவுசர் நம்பவில்லை) என்று இருக்கிறது என்றால் விஷயம் வேறு. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு பல சைட்டுகளுக்கு இலவசமாகத் தரும் சான்றிதழ்கள் நம்பியிருந்த பழைய மூலச் சான்றிதழ் (மற்றவற்றுக்கு உறுதி சொல்லும் தலைமைச் சான்றிதழ்) 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானது, அப்டேட் நின்றுபோன கம்ப்யூட்டர்கள் பல அன்றிலிருந்து தடுமாறின. விண்டோஸ் 7-க்கு குரோம் 109-ஓடு நின்றுவிட்டது. அதில் ஃபயர்பாக்ஸ் 115 போட்டுப் பாருங்கள், அது மூலச் சான்றிதழ்களின் பட்டியலைத் தன்னோடே வைத்திருக்கிறது. ஆனாலும் முடிந்தால் கம்ப்யூட்டரையே மாற்றுவதுதான் நல்லது. ஆன்டிவைரஸ் நடுவில் புகுந்து தன் சான்றிதழைக் காட்டுவதும் உண்டு. சான்றிதழை வழங்கியவர் என்ற இடத்தில் ஆன்டிவைரஸின் பெயர் இருந்தால் அதன் வெப் ஸ்கேனைச் சற்று அணைத்துப் பாருங்கள்.

அப்புறம் காந்தி ரோடு லாட்ஜ் வைஃபை. சிகிச்சைக்காக எங்கெங்கிருந்தோ வந்து தங்குகிறவர்கள், வந்ததும் பேங்க் சைட்டைத் திறக்கிறார்கள், எர்ரர் வருகிறது, பயந்துபோகிறார்கள். இந்த மாதிரி வைஃபை முதலில் தன் லாகின் பக்கத்தைக் காட்டப் பார்க்கும், பூட்டுள்ள சைட்டில் அது முடியாது. நெவர்எஸ்எஸ்எல் டாட் காம் (neverssl.com) என்று அடியுங்கள், அதில் பூட்டே கிடையாது, லாகின் பக்கம் தானாக வரும். லாகின் செய்த பிறகும் பேங்க் சைட்டில் அதே எச்சரிக்கை வந்தால் பாஸ்வேர்டு எதையும் அடிக்காதீர்கள். வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் பணத்தை அனுப்புங்கள்.