தலையெல்லாம் கண்

பெருந்தலை ஈ என்று ஒரு குடும்பம் இருக்கிறது. அறிவியல் பெயர் பிபன்குலிடே. உலகம் முழுக்க 1,400-க்கும் மேற்பட்ட இனங்களை விவரித்திருக்கிறார்கள், இன்னும் பெயர் வைக்காதவை ஏராளம். ஆள் பொடிசு. ஆனால் தலையைப் பார்க்கணும்! உருண்டைத் தலை, அதில் பெரும்பகுதி கண்தான்.

அந்தக் கண், பயிரில் சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சியைத் தேடத்தான். பெண் ஈ பயிருக்குள் அந்தரத்தில் நின்றபடியே இலை இலையாகத் துழாவும். பூச்சி சிக்கினால் அப்படியே தூக்கிப் பறந்து, உடம்புக்குள் ஒரு முட்டையைச் செருகிவிட்டுக் கீழே போட்டுவிடும். அப்புறம் புழு உள்ளேயே தின்று வளர்ந்து, பூச்சியைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். கொடூரம்தான்.

கோபி பக்கம் தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் நெல் போடும் மாமாவிடம் இதைச் சொன்னேன். நெல்லில் துங்ரோ வைரஸைப் பரப்பும் பச்சைத் தத்துப்பூச்சிக்கும் இந்தக் குடும்பத்தில் எமன் உண்டு என்றதும், "ஏனுங்க மாப்பிள்ளை, அப்ப அது நம்ம கட்சிங்களா?" என்றார். ஆமாங்க மாமா, கண்டபடி மருந்தடித்தால் அதுவும் சேர்ந்து சாகும்.

சரி, புது இனம் என்று எப்படி அறிவிக்கிறார்கள்? வெளியே பார்த்தால் பல இனங்கள் ஒன்றுபோலவே இருக்கும். ஆண் ஈயின் பிறப்புறுப்பைப் பிரித்து, நுண்ணோக்கியில் பார்த்து வரைந்து, நெருங்கிய இனங்களோடு ஒப்பிட வேண்டும். பெயருக்கு ஆதாரமாக ஒரே ஒரு ஈ, மூலமாதிரி என்று அருங்காட்சியகத்தில் இருக்கும். பெண் ஈ மட்டும் வலையில் விழுந்தால் எந்த இனம் என்று சொல்வதே பெரும்பாடு.