புரட்டாதி வெக்கையில் செலரி முளைக்குது

கடைசியாக முளைத்துவிட்டது. ஐஸ்கிரீம் பெட்டியில் தூவிய விதையில் ஏறக்குறைய பாதி, 15ஆம் நாளிலிருந்து கடுகிலும் சின்னப் பச்சைப் பொட்டாகத் தலைகாட்டுகிறது. முந்தி இரண்டு தரம் விதைத்து ஒன்றுமே வராதபோது விதைக் கடைக்காரரைத் திட்டியது வீண். பிழை விதையில் இல்லை, வெக்கையில்.

செலரி விதை 25 பாகை செல்சியசுக்கு மேலே போனால் உறங்கப் பார்க்கும், 30ஐத் தாண்டினால் அநேகமாக அசையாது. மலைக்குளிர் நுவரெலியாவில் சும்மா தூவினாலே வருவது திருகோணமலையில் அடம்பிடிப்பது இதனால்தான். மாரியில் செடி வளர வேண்டுமென்றால் ஆவணிக் கடைசியில் அல்லது புரட்டாதியில் நாற்றுப் போட்டாக வேண்டும். கச்சான் என்ற சூடான தென்மேல் காற்று முழுதாக ஓயாத காலம் அது. ஆகவே குளிரை பிரிட்ஜில்தான் தேட வேண்டும்.

விதையை 24 மணி நேரம் ஊறப்போட்டு, இடையில் இரண்டு தரம் தண்ணீர் மாற்றவும். பிறகு ஈரத்துணியில் மடித்து, மூடிபோட்ட டப்பாவில், பிரிட்ஜின் கீழ்த்தட்டில் 7 நாள். பிரீசர் வேண்டாம். வெளியே எடுப்பது பொழுதுபட்ட பிறகு, எடுத்த கையோடு விதைப்பு. ஒரு கிராமுக்கு 2,000க்கு மேல் விதை இருக்கும், ஈரத்தில் விரலை விட்டுப் போகாது. ஒரு மேசைக்கரண்டி காய்ந்த மணலில் பிசிறினால் பரவலாக விழும்.

மேலே மண் போடவே கூடாது, வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். பூவாளியும் ஆகாது, விதை எல்லாம் ஒரு மூலைக்கு ஓடிவிடும். பெட்டியின் அடியில் ஓட்டை போட்டு, தட்டில் நிற்கும் தண்ணீரைக் கீழிருந்து உறிஞ்ச விடவும். மேலே துளையிட்ட கண்ணாடிப் பொலித்தீன். பெட்டிக்குக் கீழே குளிர்ச்சிக்கு நனைத்த சாக்கு, நாளுக்கு மூன்று தரம் நனைக்க வேண்டும். இந்தச் சாக்குதான் இம்முறை புதிதாகச் சேர்ந்தது.

கலவை தும்புச்சோறு (தேங்காய்நார்த் தூள்) 2 பங்கு, அரித்த கூட்டெரு 1, உமிக்கரி 1. உமிக்குத் தம்பலகாமப் பக்கம் நெல் ஆலைகள் இருக்கின்றன. தும்புச்சோற்றை மூன்று தண்ணீரில் கழுவாமல் போட்டால் உப்பு நிற்கும். கடற்கரையோரக் கிணற்றுத் தண்ணீருக்கும் அதே குற்றம். செலரி சதுப்புநிலச் செடிதான், ஆனாலும் உப்பென்றால் இலையோரம் கருகும்.

கார்த்திகையில் 4 இலை விட்டதும் 25 சென்ரிமீற்றர் இடைவெளியில் நடவு. குருத்து மண்ணுக்கு மேலே நிற்க வேண்டும், புதைந்தால் அழுகும். ஒருநாள் காய்ச்சல் ஒருநாள் பாய்ச்சல் என்று தண்ணீர் விட்டால் நடுக்குருத்து கறுக்கும்: மண்ணில் கல்சியம் இருந்தும் குருத்துக்குப் போய்ச் சேராது. தண்டில் பழுப்பு வெடிப்புக் கண்டால் போரன் குறைவு, லீற்றருக்கு 1 கிராம் போராக்ஸ் கரைத்து ஒரே ஒரு தரம் தெளித்தால் போதும், கூடினால் நஞ்சு.

கடதாசி சுற்றித் தண்டை வெளுக்க வைப்பது மாரி மழையில் வேண்டாத வேலை, உள்ளே நத்தைதான் குடியிருக்கும். இங்கே தண்டு மெலிந்து, காரமாகத்தான் வரும். பிறைட்றைசுக்கும் சூப்புக்கும் அதுவே நல்லது. வெளித்தண்டை மட்டும் விடியற்காலையில் அடியோடு ஒடித்தால் நடுக்குருத்து தொடர்ந்து தள்ளும்.

மிச்ச விதையில் பாதி இன்று பிரிட்ஜுக்குள் போகிறது, ஐப்பசித் தொகுதிக்கு. முளைத்த பெட்டியில் பொலித்தீனைக் கழற்றியாயிற்று. இன்னும் இரண்டு நாள் மூடிவைத்தால் நாற்று அடி அழுகிச் சாயும்.