கரன்ட் போன மாலையில் சில்வர்புளூ 42

மே மாதத்தில் சாயங்கால மழை பிடித்தால் பெங்களூர் அல்சூரில் எங்கள் தெருவில் கரன்ட் நிற்காது. என் லேப்டாப் பேட்டரியோ செத்து ஒரு வருடம் ஆகிறது. அப்படியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதில் ஓடும் ஃபெடோரா சில்வர்புளூ என்ற லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தை 41ஆம் பதிப்பிலிருந்து 42க்கு மாற்ற உட்கார்ந்தேன். "நாளைக்கு ரிவ்யூ இருக்குன்னீங்களே, இப்போ எதுக்குங்க அதுல கை வைக்கிறீங்க?" என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான். 42 வெளியானது 2025 ஏப்ரல் 15. அவசரம் வேண்டாம் என்று நானே ஒரு மாதம் பொறுத்திருந்தேன்.

முதலில் 41லேயே எல்லா அப்டேட்டும் போட்டு ரீபூட் செய்தேன். பிறகு 'ஆஸ்ட்ரீ அட்மின் பின் 0' (ostree admin pin 0) என்ற கட்டளையைக் கொடுத்து, ஓடிக்கொண்டிருந்த 41ஐ அழியாதபடி நிறுத்தி வைத்தேன். தயவுசெய்து இதை மட்டும் யாரும் விட்டுவிடாதீர்கள். பின் செய்யாவிட்டால், அடுத்தடுத்த அப்டேட்டுகளில் பழையது தானாகக் கழன்றுவிடும்.

அப்புறம் சிஸ்டத்தை 42க்கு மாற்றும் 'ரீபேஸ்' கட்டளை. உடனே சிவப்பு எழுத்தில் பிழை. வீடியோ ஓடத் தேவையான கோடெக்குக்காக ஒரு வெளி ரெப்போவை (பேக்கேஜுகள் கிடைக்கும் களஞ்சியம்) முன்பு 41க்கான ஆர்பிஎம் பேக்கேஜ் கோப்பாக இறக்கிச் சேர்த்திருந்தேன். அது 41ஐ விட்டு நகர மறுத்தது. அந்த ரெப்போ பேக்கேஜை அன்இன்ஸ்டால் செய்து, அதே பேக்கேஜைக் கோப்பிலிருந்து இல்லாமல் பெயரைச் சொல்லி இன்ஸ்டால் செய்யும்படி ஒரே கட்டளையில் கொடுத்தேன். 41 என்ற எண்ணின் பிடி விட்டது. இதைக் கண்டுபிடிக்கத்தான் ஒரு மணி நேரம் போனது, மற்றதெல்லாம் சுலபம். அடிப்படை சிஸ்டத்தின் மேலே நாமாக ஏற்றிய பேக்கேஜுகள் எவ்வளவு குறைவோ, அவ்வளவு நிம்மதி.

மறுபடி ரீபேஸ். பாதி இறங்கியிருக்கும், மழை வந்தது, கரன்ட் போனது, திரை அணைந்தது. சாதாரண லினக்ஸ் டிஸ்ட்ரோவாக இருந்தால், பாதி பேக்கேஜ் புதியது, பாதி பழையது என்று மாட்டிக்கொண்டு அன்று இரவு தூங்கியிருக்க மாட்டேன். இங்கே புதிய பதிப்பு பக்கத்தில் தனியாகத்தான் கட்டப்படுகிறது. ஓடும் சிஸ்டத்தின் கோப்புகள் இருக்கும் 'யூஎஸ்ஆர்' டைரக்டரியில் ஒரு கோப்பைக்கூடத் தொடாது. நாற்பது நிமிடம் கழித்து கரன்ட் வந்ததும் பட்டனை அழுத்தினேன். 41 ஒன்றுமே நடக்காதது போல் எழுந்து நின்றது. சரி என்று ரீபேஸை முதலிலிருந்து ஓட்டினேன்.

ரீபூட் செய்ததும் மெனுவில் 42 மேலே, 41 கீழே. உள்ளே போனால் டெஸ்க்டாப் க்னோம் 48. சிஸ்டத்தோடு சேராமல் தனியாக நிற்கும் பிளாட்பேக் செயலிகள் அப்படியே இருந்தன. தமிழ்99 விசைப்பலகையில் 'வாழைப்பழம்' என்று அடித்துப் பார்த்தேன், சரியாக வந்தது. டெவலப்மென்ட் வேலைக்கான தனிச் சூழலான டூல்பாக்ஸ் கன்டெய்னர் மட்டும் 41லேயே இருந்தது; அதைப் புதிதாக உருவாக்கிக்கொள்ள வேண்டும். மறுநாள் ரிவ்யூவும் அதே லேப்டாப்பில்தான் முடிந்தது.

இரண்டு வாரம் ஓட்டிப் பார்த்த பிறகே 41இன் பின்னை எடுத்தேன்.