கவரிங் செயின் மேல் போட்ட பழி

என் பின் கழுத்து கறுக்க ஆரம்பித்தபோது எனக்கு இருபத்து மூன்று வயது. "கவரிங் செயின் ஒத்துக்கல, கழட்டி வை" என்றார் அம்மா. கழற்றினேன், கறுப்பு போகவில்லை. அப்புறம் லால்குடி வீட்டுக் கிணற்றடியில் ஞாயிறுதோறும் எலுமிச்சை மூடி, கடலை மாவு, தயிர். அம்மா பீர்க்கங்காய் நாரால் தேய்க்கிற தேய்ப்பில் தோல் சிவந்து எரியும். கறுப்பு மட்டும் அசையாது. தொட்டால் வெல்வெட் துணி போலத் தடிப்பாக இருக்கும். அழுக்கு அப்படி இருக்காது என்று யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். கல்யாண ஜாக்கெட்டுக்கே பின் கழுத்தை இறக்க வேண்டாம் என்று டெய்லரிடம் சொன்னவள் நான்.

மாதவிலக்கு இரண்டு மூன்று மாதம் தள்ளிப்போகும். தாடையில் முரட்டு முடி. ஸ்கேனில் சினைப்பையில் நீர்க்கட்டி என்றார்கள். "கல்யாணம் ஆனா சரியாயிடும்" என்றார்கள், வேறென்ன சொல்வார்கள். கழுத்தையும் நீர்க்கட்டியையும் யாரும் முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை.

முப்பத்தாறு வயதில் தொடை இடுக்கில் படர்தாமரை. வெட்கப்பட்டுக்கொண்டு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஒரு டியூப் வாங்கினேன். மூன்றே நாளில் அரிப்பு அடங்கும், விட்டால் அடுத்த வாரம் இன்னும் பெரிய வட்டமாக வரும். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தது பிறகுதான் தெரிந்தது. இடுப்பு வரை ஏறிய பிறகு தோல் டாக்டரிடம் போனேன். அந்த அம்மா தாமரையைப் பார்க்கும் முன்பே என் கழுத்தைப் பார்த்தார். "சுகர் டெஸ்ட் எடுத்திருக்கீங்களா?"

ரத்தச் சர்க்கரையின் மூன்று மாத சராசரி (HbA1c) 8.9. 6.5 வந்தாலே சர்க்கரை நோய்தான். கூடவே தைராய்டும் குறைவு.

அவர் விளக்கியது இதுதான். இன்சுலின் பேச்சை உடம்பு சரியாகக் கேட்கவில்லை. அதனால் கணையம் மேலும் மேலும் சுரக்கிறது. அந்த அதிகப்படி இன்சுலின் தோல் செல்களைப் பெருக வைத்துக் கழுத்தையும் அக்குளையும் கறுக்கச் செய்யும்; சினைப்பையை ஆண் ஹார்மோனை அதிகமாகச் சுரக்க வைக்கும். கழுத்துக் கறுப்புக்கு அகாந்தோசிஸ் நிக்ரிகன்ஸ் என்று பெயர். அது வாயில் நுழைய எனக்கு இரண்டு நாள் ஆனது. பாவம், கவரிங் செயின்.

இப்போது விடிந்ததும் தைராய்டு மாத்திரை. அதற்கப்புறம் காபிக்காக ஒரு மணி நேரம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் நாளின் பெரிய கொடுமை. சாப்பாட்டோடு மெட்ஃபார்மின், முதல் மாதம் வயிறு படுத்திய பாட்டில் பஸ் ஏறவே பயந்தேன். தாமரை போய்விட்டது, ஆனால் குளித்ததும் இடுக்குகளை ஈரம் போகத் துடைக்காவிட்டால் நமைச்சல் எட்டிப் பார்க்கும். போன மாத அளவு 6.8. கழுத்து பாதி வெளுத்திருக்கிறது. கழுத்து மருக்கள் அப்படியே இருக்கின்றன, இருக்கட்டும்.

போன வாரம் மகளுக்குத் தலை பின்னும்போது பார்த்தேன். பதின்மூன்று வயது. கழுத்து மடிப்பில் மெல்லிய நிழல். போனில் சொன்னதும் அம்மா, "செயின் ஏதாவது போட்டாளா?" என்றார். அவள் செயினே போடுவதில்லை.

சனிக்கிழமை வெறும் வயிற்றோடு லேபுக்குப் போகிறோம். ரத்தம் கொடுத்ததும் ரவா தோசை வேண்டுமாம். சரி என்று சொல்லியிருக்கிறேன்.