நடு ஏரியில பெடல நிறுத்தின அஞ்சு நிமிசம்

காணும் பொங்கலன்னிக்கு ஏற்காடு போனது எங்க தப்புதான், ஒத்துக்கறேன். எங்க வீடு சேலம் அஸ்தம்பட்டி, சாதாரண நாள்னா அடிவாரம் தாண்டி 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி ஒரு மணி நேரத்துல ஏரிக்கரையில நின்னுட்டு மிளகா பஜ்ஜி சாப்பிடலாம், அன்னிக்கு காலையில கெளம்புனவங்க போய்ச் சேரவே மத்தியானம் ஆயிருச்சு. கூட சித்தப்பா பையன், என் தம்பி முறை, அவனும் வந்திருந்தான், கப்பல்ல வேலை, ஆறு மாசம் கடல்ல இருந்துட்டு லீவுக்கு வந்தவன மறுபடியும் படகுல உக்கார வெச்சதே பாவம்னு ஆயா திட்டிட்டே இருந்துச்சு.

நாலு பேர் உக்கார்ற பெடல் போட் எடுத்தோம். நான், வீட்டுக்காரி, தம்பி, ஏழு வயசுப் பாப்பா. படகு இல்லத்துல லைஃப் ஜாக்கெட் குடுத்தாங்க, போட்டுக்கிட்டோம், கிளிப்ப மாட்டாம சும்மா தோள்ல தொங்க விட்டுட்டேன் நானு, அதுக்கு அப்பறம் வர்றேன். நடு ஏரிக்குப் போனதும் வழக்கம் போல "எல்லாரும் கால எடுங்க, ஒரு செல்ஃபி"ன்னு ஆரம்பிச்சோம். நானும் வீட்டுக்காரியும் செல்போன பாக்கறோம், பாப்பா கைய வெளிய தொங்க விட்டு தண்ணிய அளைஞ்சிட்டு இருக்கு. தம்பி மட்டும் எங்கள பாக்காம பின்னாடி திரும்பிப் பாத்துட்டே இருந்தான். எனக்கு கடுப்பு, போட்டோவுல அவன் பின்மண்டை தான் விழுந்துச்சு.

எங்களுக்கு பத்து பதினஞ்சு அடி தள்ளி ஒரு துடுப்பு போட், அவங்களும் துடுப்ப உள்ள வெச்சுட்டு சோளக்கதிர் சாப்பிட்டுட்டு நிக்கறாங்க. ரெண்டு படகும் நின்னுட்டு தான இருக்கு, எப்பிடி இடிக்கும்? அப்பிடித்தான் நானும் நெனச்சேன். திடீர்னு தம்பி "பாப்பா கை உள்ள!"ன்னு கத்தி அவளோட கைய வெடுக்குன்னு இழுத்தான், அடுத்த நொடி டொப்புன்னு அவங்க படகு மேல நாங்க போய் உரசி நிக்கறோம். பாப்பா விரல் இருந்த எடத்துல தான் ரெண்டு விளிம்பும் ஒட்டுச்சு. ரெண்டு படகு, உள்ள ஏழெட்டு பேரோட எடை, மெதுவா வந்தாலும் நடுவுல மாட்டுன விரல் விரலா இருக்காது.

எப்பிடிடா நின்ன படகு இடிச்சுதுன்னு கேட்டேன். "யாருண்ணா நின்னா? நங்கூரம் போட்டாத்தான் நின்ன மாதிரி, இல்லன்னா காத்து ஓட்டுது அவ்ளோதான்"னான். விசயம் என்னன்னா பெடல் போட்டுக்கு மேல கூரை இருக்கு, அது பாய் மாதிரி காத்த வாங்கும், துடுப்பு போட் தண்ணியோட தண்ணியா தாழ்வா இருக்கும், அதனால ஒரே காத்துல நாங்க வேகமா போறோம், அவங்க மெதுவா போறாங்க. அதுவும் விட்ட படகு மூக்க நேரா வெச்சுட்டுப் போகாது, அகலவாக்குல திரும்பிக்கிட்டு பக்கவாட்டுலயே போகுமாம். கடல்ல 1972ல போட்ட சர்வதேச மோதல் தடுப்பு விதி ஒண்ணு இருக்கு, அதுல நங்கூரம் போடாம, கரையிலயும் கட்டாம, தரையும் தட்டாம இருக்கற கலம் எல்லாமே ஓட்டத்துல இருக்கற கலம் தான், இஞ்சின் ஆஃப்ல இருந்தாலும் சரி. எந்நேரமும் கண்ணாலயும் காதாலயும் சுத்தி கவனிக்கணும்னும் அதுல இருக்காம். நம்ம ஏரிக்கு அந்த விதி வராது, ஆனா அவன் ஏன் பின்னாடியே பாத்துட்டு இருந்தான்னு அப்பதான் புரிஞ்சுது.

இந்த கூத்துல பாப்பா தொப்பி தண்ணியில விழுந்துருச்சு. ஒரே அழுகை. நான் எட்டி எடுக்கப் போறேன், வீட்டுக்காரி என் சட்டைய பிடிச்சுட்டு அவளும் அதே பக்கம் சாயறா, படகு அந்தப் பக்கமா எறங்குச்சு பாருங்க, வயித்துல புளி கரைச்சிருச்சு. தம்பி எதிர்ப்பக்கம் சாஞ்சு எங்கள உக்கார வெச்சான். 2009 செப்டம்பர் 30 தேக்கடியில படகு கவுந்தது யாருக்கும் மறந்திருக்காது, 45 பேர் போயிட்டாங்க, விலங்கு பாக்கறதுக்கு எல்லாரும் ஒரே பக்கம் போனதும் ஒரு காரணம்னு அப்ப செய்தியில வந்துச்சு. நான் எழுந்தது 50 ரூவா தொப்பிக்கு. நீச்சல் தெரியும், குதிச்சு எடுத்துரலாம்னு கூட ஒரு செகண்ட் தோணுச்சு, அது அதவிட கேணத்தனம், ஏன்னா நாம தொப்பிய எடுத்துட்டு திரும்பறதுக்குள்ள காத்து படகை தள்ளிட்டுப் போயிருக்கும், அத பிடிக்க நீந்தி நீந்தியே கை ஓஞ்சிரும். பக்கத்துல மோட்டார் போட் வேற சுத்துது. தண்ணியில ஆள் இருந்தா மோட்டார நியூட்ரல்ல போட்டா பத்தாது, ஆஃப் பண்ணணும், நியூட்ரல்லயும் சில இஞ்சின்ல தண்ணிக்குள்ள இருக்கற விசிறி சுத்திட்டே இருக்கும்னான் தம்பி.

கரைக்கு வந்து பஜ்ஜி சாப்பிடும்போது பேச்சு பூலாம்பட்டிக்கு போச்சு. மச்சான் அங்க காவிரியில பரிசல்ல போய் மீன் பிடிப்பாரு, கல்லுல கயிறு கட்டி எறக்கிட்டு நாள் பூரா உக்காந்திருப்பாரு. கயிறு எவ்ளோ நீளம்னு தம்பி கேட்டான். ஆழம் பத்தடின்னா கயிறும் பன்னெண்டு அடி இருக்கும்னேன். தலையில கைய வெச்சுக்கிட்டான். கயிறு செங்குத்தா நின்னா அது நங்கூரத்த மேல தான் தூக்கும், தரையோட படுத்த மாதிரி இழுத்தாத்தான் பிடிக்கும், அதனால ஆழத்த போல அஞ்சுல இருந்து ஏழு மடங்கு விடணும், பத்தடிக்கு அம்பது எழுபது அடி. அவ்ளோ விட்டா படகு காத்துக்கும் தண்ணிக்கும் சுத்தி வரும், அந்த வட்டத்துக்குள்ள வேற படகு, பாறை எதுவும் இருக்கக் கூடாது. ஃபைபர் போட்டுன்னா கட்டறது எப்பவும் முன்பக்கத்துல தான், பின்னாடி கட்டுனா ஏற்கெனவே இஞ்சின் கனத்துல தாழ்ந்து இருக்கற பக்கம் இன்னும் அமுங்கி அலை உள்ள ஏறிரும், நல்ல படகே இப்பிடி முழுகியிருக்காம். பரிசலுக்கு ஏது முன்பக்கம் பின்பக்கம்னு நான் சிரிச்சேன், "அதுக்குத்தாண்ணா சொல்றேன், எந்தப் பக்கம் கட்டுனாலும் அந்த விளிம்பு அமுங்கும், கயிறு குட்டையா இருக்கறப்ப தண்ணி வேகமா வந்தா கதை முடிஞ்சுது"ன்னான். அணையில தண்ணி தெறந்தா அங்க வேகம் எப்பிடி மாறும்னு சேலத்துக்காரனுக்கு சொல்ல வேண்டியதில்ல.

இன்னொண்ணும் சொன்னான், நங்கூரம் போட்டு நிக்கற படகோட மூக்குக்கு முன்னாடி கிட்டக்க போகவே கூடாது, கயிறு சாய்வா தண்ணிக்குள்ள ரொம்ப தூரம் போயிருக்கும், கண்ணுக்கு தெரியாது, ஆறா இருந்தா இழுப்பு நம்மள கொண்டு போய் அந்தக் கயித்து மேலயே சாத்திரும். பின்பக்கமா சுத்திப் போகணும். ராத்திரின்னா நிக்கற படகுல எந்தப் பக்கம் இருந்து பாத்தாலும் தெரியற மாதிரி ஒரு வெள்ள லைட்டு. மச்சான் கிட்ட இருக்கறது செல்போன் டார்ச்சு.

லைஃப் ஜாக்கெட் கதைக்கு வர்றேன். கரையிலயே என் ஜாக்கெட்டோட ரெண்டு தோளையும் பிடிச்சு மேல தூக்கிக் காட்டினான், கிளிப் போடாததால முழுசா கழண்டு தலைக்கு மேல வந்துருச்சு, தண்ணியில விழுந்தா இதே தான் நடக்கும், ஜாக்கெட் மெதக்கும் நான் போயிருப்பேன். பாப்பாவுது கிளிப் போட்டிருந்தும் காது வரைக்கும் ஏறுச்சு, அளவு பெருசு. 2024 ஜனவரியில வதோதரா ஏரியில படகு கவுந்து 12 பள்ளிக்கூடப் பிள்ளைங்களும் 2 டீச்சருங்களும் செத்தாங்க, நெறைய பேர் ஜாக்கெட்டே போடலன்னு அப்ப படிச்சு உச்சு கொட்டினவன் தான் நானும்.

அன்னிக்கு ராத்திரியே மச்சானுக்கு ஃபோன் போட்டேன். "மாப்ள, இருவது வருசமா மீன் பிடிக்கறேன், ஏற்காட்டுல பெடல் மிதிச்சுட்டு வந்து எனக்கு சொல்றீங்களா"ன்னாரு. தம்பி ஃபோன வாங்கி பேசினான். அடுத்த ஞாயித்துக்கிழமை எடப்பாடி கடையில அறுபது அடி நைலான் கயிறு வாங்கியிருக்காரு, பில்ல வாட்சப்புல அனுப்பி காசு யாரு குடுக்கறதுன்னு கேட்டாரு. தம்பி கப்பலுக்கு போயிட்டான், நாந்தான் அனுப்பினேன்.